நின்ற இடத்தில் திருப்புவது

— சிரிச்ச மாதிரி முகத்தை வச்சுக்கோ, டார்லா. எதிர்த்த சலூன்ல ராய்ஸ் நாற்காலியை இந்தப் பக்கம் பார்த்துதான் போட்டு உக்காந்திருக்கான்.

— தெரியும் வெர்னா. முடி வெட்டிக்க வந்தா எப்பவும் அந்த ஜன்னலோர நாற்காலிதான் கேட்பான். அங்கேருந்து பார்த்தா ரோட்டுக்கு இந்தாண்ட உன் பட்டறை முழுக்கத் தெரியுதுன்னு என்கிட்டயே சொல்லியிருக்கான்.

— அப்ப கையைச் சும்மா தொங்கவிட்டுக்கிட்டு நிக்காதே. இந்தா துணி. பம்பரைத் துடை. நான் எஞ்சினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுறேன். என்ன கேட்டே, மறுபடி சொல்லு.

— இந்த நோவா காருக்கு பவர் ஸ்டீயரிங் போட்டுக் கொடு.

— உன் புருஷன் மேனுவல்தான்னு சொல்லிட்டான். போன மாசம் வண்டியைக் கொண்டாந்து விட்டப்ப அவன் வாயிலேருந்து வந்த முதல் பேச்சே அதுதான். அக்கா, எதை வேணும்னாலும் மாத்து, ஸ்டீயரிங்கை மட்டும் தொடாதேன்னான்.

— அதனாலதான் கேட்கிறேன்.

— அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. வந்தப்ப எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னு நினைக்கிறான். நிறைய பேரு அப்படித்தான். நானும் அந்தக் கட்சிதான். என் டிரக்குல இன்னைக்கு வரைக்கும் பவர் கிடையாது. ரோடு கையோட பேசணும். கல்லு எங்க கிடக்கு, பனி எங்க இறுகியிருக்குன்னு உள்ளங்கைக்குத் தெரியணும். பவர் ஸ்டீயரிங் எல்லாம் சோம்பேறிப் பசங்களுக்கு.

— ராய்ஸ் ரோட்டோட பேசுறதுக்காக மேனுவல் வச்சிருக்கல. உனக்கே அது தெரியும்.

— எனக்கு என்ன தெரியும்?

— ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்கு நீயும்தானே எங்க வீட்டுக்கு வந்திருந்தே. அவனோட வேலை பாக்குற ஆளுங்க, மான் வேட்டைக் கூட்டாளிங்க எல்லாம் நின்னாங்க. கிரில்லுல கறி வெந்துக்கிட்டிருந்துச்சு. யாரோ ஒருத்தர் கேட்டாரு, உன் பொண்டாட்டிக்குன்னு வண்டி ஒண்ணும் கிடையாதான்னு. ஏன் இல்லன்னு சொல்லிட்டு இந்த நோவா சாவியை எடுத்து என் மடியில தூக்கிப் போட்டான். போ செல்லம், ஒரு சுத்து சுத்திட்டு வான்னான். வண்டி ரெண்டு டிரக்குக்கு நடுவுல நின்னுச்சு. சக்கரத்தை முழுக்க ஒடிச்சாத்தான் வெளிய வரும். முன்னாடி இவ்வளவு பெரிய எஞ்சின். நின்ன இடத்துல திருப்பணும். என் வலது தோள் எந்த லட்சணத்துல இருக்குன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் இடது கையால இழுத்தேன். ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு இழுத்தேன். அவன் பக்கத்துல நின்னு கை தட்டிக்கிட்டே இருந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நீ பேப்பர் தட்டைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயேதான் நின்னே.

— நான் சிரிக்கல.

— இல்ல. நீ சிரிக்கல. தட்டைப் பார்த்துக்கிட்டிருந்தே.

— துடைக்கிறதை நிறுத்தாதே. அவன் தலையைத் தூக்குறான்.

— தெரியுது... அன்னையிலேருந்து அந்தச் சாவி எங்க சமையலறைக் கதவுக்குப் பக்கத்துல ஆணியிலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு, அவன் வண்டியை உன்கிட்ட கொண்டாந்து விடுற வரைக்கும். அவன் அதை ஒளிச்சு வச்சதே இல்ல. வேலைக்குக் கிளம்புறப்ப விரலால ஒரு தட்டு தட்டி ஆட விட்டுட்டுப் போவான். எடுத்துப் பாரு, எங்க போறேன்னு பார்க்கலாம்னு அர்த்தம். என்னோட சின்னக் காரைத்தான் வித்துட்டானே. கொட்டகை மூலையில இதை ஒருக்களிச்சு நிறுத்தியிருப்பான். வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் சர்க்கரை பீட் கிழங்கு வயல். கத்தினா கேக்குற தூரத்துல ஒரு வீடு கிடையாது.

— யாரையாவது வந்து கூட்டிட்டுப் போகச் சொல்ல வேண்டியதுதானே.

— சொன்னேன். நம்ம சர்ச்சுல பியானோ வாசிக்குற கிளெனிஸ் வந்தா. ஃபிளிண்ட் நகரம் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்னா. பாதி வழியில டிரக்கைக் குறுக்க நிறுத்திட்டான். ஒரு வார்த்தை கோபமாப் பேசல. கிளெனிஸ், உங்க வீட்டுக் கொட்டகை ரொம்பப் பழசாச்சே, கவனமா இருங்கன்னு மட்டும் சொன்னான். அடுத்த வாரம் கொட்டகை எரிஞ்சு போச்சு. அவளோட குதிரைங்க உள்ள இருந்துச்சு.

— ஒயர் கோளாறுன்னு சொன்னாங்க.

— யாரு சொன்னது? நம்ம ஊர் போலீஸ் டெபுடி சொன்னாரு. நவம்பர் மாசம் மான் வேட்டையில இவனோட ஒரே கூடாரத்துல படுத்துத் தூங்குற டெபுடி. அதனாலதான் சொல்றேன், வெர்னா. யாரும் எனக்காக ஓட்டக் கூடாது. நீ கொண்டுபோய் விடுறேன்னும் சொல்லாதே.

— நான் அப்படிச் சொல்லலயே.

— இல்ல. சொல்லல.

— பவர் ஸ்டீயரிங்னா என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்கே? டப்பாவைத் திறந்து உள்ள போடுற மருந்தா? எஞ்சின் முன்னாடி ஒரு பம்ப் உக்கார வைக்கணும். அதை இழுக்க ஒரு பெல்ட். எண்ணெய் போகக் கட்டை விரல் தடிமனுக்கு ரெண்டு குழாய். ஹூட்டைத் திறந்த உடனே அவன் கண்ணுல குத்தும். திறக்கலன்னாலும் தெரியும். மேனுவல்ல சக்கரத்தை இந்த ஓரத்திலேருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டு போக அஞ்சு சுத்து சுத்தணும், பவர்னா மூணுல முடிஞ்சுரும். அவன் கண்ணைக் கட்டி உக்கார வச்சாலும் முதல் திருப்பத்துல கண்டுபிடிச்சுருவான். அப்புறம் உனக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?

— பாதி கனமாவது குறைக்க முடியாதா?

— பெரிய ஸ்டீயரிங் வீல் போட்டு, டயர்ல காத்தை ஏத்தினா கொஞ்சம் லேசாகும். உன் தோளுக்கு அது பத்தாது.

— மார்ச் மாசம் பனியில வழுக்கி விழுந்தேன்னு உன்கிட்ட சொன்னேனே. அந்த வாரம் பனியே இல்ல, வெர்னா. மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு.

— அதைப் பத்தி நான் கேட்கல.

— நீ எப்பவுமே கேட்டதில்ல.

— டார்லா, அவன் என் தம்பி. அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவ நான். அது கிடக்கட்டும். உன்னால முடியாது, என்னாலயும் முடியாது. வண்டி மேனுவலாத்தான் வெளிய போகும்.

— இன்னும் கொஞ்ச நாள்ல பனி விழுந்துரும். ரோட்டுல உப்பு போட ஆரம்பிச்சா துருப்பிடிக்கும்னு இதைக் கட்டை மேல தூக்கி வச்சிருவான். வசந்த காலம் வரைக்கும் இறக்க மாட்டான். அது வரைக்கும் நான் இருப்பேனான்னு எனக்குத் தெரியல. அதுக்காகத்தான் இன்னைக்கு உன்கிட்ட வாயைத் திறக்கிறேன். போன ஞாயித்துக்கிழமை நிலவறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மாட்டினான்.

— எல்லா வீட்டுலயும்தான் தாழ்ப்பாள் இருக்கு.

— வெளிப்பக்கமா மாட்டியிருக்கான். உள்ள ஒரு கட்டிலும் போட்டிருக்கான்.

— அவன் கழுத்துத் துணியை உதறிட்டாங்க. எழுந்துட்டான். அழாதே. துணியைக் கீழ போட்டுட்டுக் கையைப் பின்னாடி வச்சுக்கோ.

— நீ இன்னும் பதில் சொல்லல.

— பேசாம இரு. வர்றான்.

*

— என்ன, ரெண்டு பேரும் என் தலையைத்தான் உருட்டிக்கிட்டிருந்தீங்க, சரிதானே?

— உன் தலையில உருட்ட என்ன இருக்கு, ராய்ஸ்? ஆட்டுக்குட்டி மாதிரி மழிச்சு விட்டிருக்கான்.

— குளிருக்கு முன்னாடி ஒரு தடவை ஒட்ட வெட்டிருவேன் அக்கா. தொப்பிக்கு வசதி. செல்லம், கையைக் காட்டு. ஏன் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கே? கறுப்பா இருக்கே.

— பம்பரைத் துடைச்சேன்.

— பம்பரைத் துடைச்சியா. நல்ல பொண்ணு. துடைச்சுக்கிட்டே என்ன பேசினே? கண்ணாடி வழியாப் பார்த்தேன், உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

— சும்மா... குளிரைப் பத்தி...

— பவர் ஸ்டீயரிங் போட்டுக் கொடுன்னு கேட்டா, ராய்ஸ். வந்ததிலேருந்து அதே பேச்சுதான். உன்கிட்ட சொல்லாம போடணுமாம்.

— வெர்னா.

— என்னை ஏன் பார்க்கிறே டார்லா? கேட்டியா இல்லையா?

— அப்படியா. கேட்டியா செல்லம்? எனக்குத் தெரியாம?

— தோள் வலிக்குதுன்னுதான்... எப்பவாவது கடைக்குப் போக...

— நான் முடியாதுன்னுட்டேன். வண்டி உன்னுது, பேச்சும் உன்னுது. மேனுவல்னு சொன்னே, மேனுவலாத்தான் இருக்கு. நீயே உக்காந்து பாரு.

— கூடப் பொறந்தவ கூடப் பொறந்தவதான், சரிதானே? பார்த்துக்கோ செல்லம். இந்த ஊர்ல எவகிட்ட என்ன சொன்னாலும் அது எங்க வந்து சேரும்னு தெரிஞ்சுக்கோ. இதைப் பத்தி வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசலாம். நான் கோபப்படல. என் முகத்துல கோபம் இருக்கா அக்கா?

— இல்ல.

— இல்ல. சரி, சாவியைக் கொடு.

— அதுக்கு முன்னாடி உன் டிரக்கை லிஃப்டு மேல ஏத்து. பனி டயர் மாட்டி விட்டுர்றேன். இந்த வாரத்துக்கு அப்புறம் எனக்கு நேரம் இருக்காது, பீட் லாரிங்க வரிசையா வந்து நிக்கும்.

— இன்னைக்கேவா?

— இன்னைக்கே. வெள்ளிக்கிழமை பனி விழும்னு சொல்றாங்க.

— அதுவும் சரிதான். நகரு செல்லம், கால்ல ஏத்திறப் போறேன்... போதுமா? நேரா வந்துருச்சா?

— வந்துருச்சு. எஞ்சினை நிறுத்திட்டு இறங்கு. நான் தூக்கிட்டுப் பழைய சக்கரங்களைக் கழட்டுறேன். சாவி நோவாவுலயே இருக்கு, நீ அதுல உக்காந்து பாரு.

— வா ராஜாத்தி. எவ்வளவு நாளாச்சு உன் மேல கை வச்சு... ம். அக்கா, இது முன்னவிட ஒரு இழை கனமா இருக்கே.

— அப்படியா?

— நான் பொய்யா சொல்றேன்? நின்ன இடத்துல திருப்புறேன். முன்னாடி இந்த இடத்துல இவ்வளவு பிடிக்காது. எதையோ மாத்தியிருக்கே.

— ஸ்டீயரிங் தண்டைத் தாங்குற புஷ் வளையம் புதுசா போட்டிருக்கேன். இன்னும் இறுக்கமா இருக்கு. ஓடினா சரியாயிரும்.

— புஷ்ஷா.

— பழசு தேஞ்சு போயிருந்துச்சு. வேணும்னா அதையே திருப்பி மாட்டித் தர்றேன்.

— வேண்டாம், வேண்டாம். நல்லாத்தான் இருக்கு. கனமா இருக்கணும். அப்பத்தான் ஓட்டுறவன் யாருன்னு வண்டிக்குத் தெரியும், சரிதானே? அட, லைட்டர் கீழ விழுந்துருச்சு. பெடலுக்குப் பக்கத்துல எங்கேயோ...

— குனியாதே. இரு, குனியாதேன்னு சொல்றேன்ல. கீழ பூரா இப்பத்தான் கிரீஸ் தடவியிருக்கேன், புதுச் சட்டையோட தலையை உள்ள விடுறியே. கையை எடு, நான் எடுத்துத் தர்றேன். இந்தா.

— என்ன அக்கா இவ்வளவு பதறுறே?

— உன் சட்டையில கறை பட்டா யாரு துவைக்குறது? அவதானே.

— அதுவும் சரிதான். செல்லம், இங்க வா. நீ உக்காரு.

— வேண்டாம் ராய்ஸ்.

— பவர் ஸ்டீயரிங் வேணும்னு கேட்டியே. ஏன் கேட்டேன்னு பார்க்கணும் எனக்கு. உக்காரு. பயப்படாதே, அக்காவுக்கும் காட்டுவோம். வலது பக்கம் திருப்பு. முழுக்கத் திருப்பு.

— முடியல.

— திருப்பாமயே முடியலன்னா எப்படி? இழு. காலை ஊனு. ஜூலையில இழுத்த மாதிரி இழு.

— ராய்ஸ், தோள்...

— அக்கா, பார்த்தியா? அசையவே இல்ல. ஒரு அங்குலம் கூட அசையல. இதுக்குத்தான் பவர் கேட்டிருக்கா. செல்லம், உனக்கு வண்டி எதுக்கு? எங்க போகணும்னாலும் நான்தான் கூட்டிட்டுப் போறேனே. போதும், கையை எடு. அழுறியா? அழாதே. ஊர்ல பார்க்கிறவங்க நான் என்னமோ செஞ்சுட்டேன்னு நினைப்பாங்க.

— ராய்ஸ், பனி டயரு பின்னாடி ஷெட்டுல கிடக்கு. எனக்கு இடுப்பு சரியில்ல. நீ போய் ஒவ்வொண்ணா உருட்டிக்கிட்டு வா. மேல பழைய டயருங்க குவிஞ்சு கிடக்கும், நகர்த்திட்டுத்தான் எடுக்கணும்.

— சரி. செல்லம், நீயும் வா.

— அவளை எதுக்குக் கூப்பிடுறே? அந்தத் தோளை வச்சுக்கிட்டு டயரா தூக்கப் போறா? அந்தச் சக்கரத்துக்கு முன்னாடியே உக்காந்திருக்கட்டும். என்னால முடியாது, முடியாதுன்னு நல்லா மனசுல பதியட்டும்.

— அக்கா, சில நேரம் உன்கிட்டயும் என் குணம் கொஞ்சம் இருக்கு, சரிதானே?

— ஒரே வயித்துல பொறந்தவங்கதானே. போ.

*

— அவன்கிட்ட சொல்லிட்டே. இன்னைக்கு வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லிட்டே, வெர்னா.

— மெதுவாப் பேசு. கண்ணைத் துடை. சாவியைப் பாதி திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே.

— எதுக்கு?

— திருப்பு. விளக்கு எரியுதா? இப்ப இடது கையை டாஷுக்கு அடியில விடு. ரேடியோவுக்குப் பின்னாடி ஒரு சின்னக் குமிழ் இருக்கும். தட்டுப்படுதா?

— இருக்கு.

— கடைசி வரைக்கும் வலது பக்கம் திருகு. இப்ப சக்கரத்தைத் திருப்பு.

— என்னால முடியாதுன்னு இப்பத்தானே...

— ஒத்தைக் கையால. திருப்பு.

— வெர்னா. இது என்ன? விரல் பட்டாலே போகுது.

— ஸ்டீயரிங் தண்டுல, பெடலுக்கு மேல, கரண்டு மோட்டார் மாட்டியிருக்கேன். நொறுங்கிப் போன ஒரு சின்னக் காரிலேருந்து கழட்டினது. பம்ப் கிடையாது, பெல்ட் கிடையாது, ஹூட்டைத் திறந்தா ஒண்ணும் தெரியாது. பாக்ஸ் பழைய மேனுவல்தான், அதே அஞ்சு சுத்து. குமிழை அணைச்சு வச்சா முன்னவிடக் கொஞ்சம் கனமாக் கூட இருக்கும். அதைத்தான் அவன் புஷ்ஷுன்னு நம்பினான்.

— எப்ப போட்டே?

— போன மாசம், வண்டி வந்த வாரமே. ஜூலையிலேருந்து தட்டைப் பார்த்துக்கிட்டு நின்னது போதும்னு போட்டேன். நீ வாயைத் திறந்து கேட்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். கேட்காதவளை நான் எங்க அனுப்புறது?

— அப்புறம் ஏன் முடியாதுன்னு சொன்னே? ஏன் அவன் முன்னாடி என்னை...

— அவன் உன்னை உக்கார வச்சுத் திருப்பச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். உனக்கு இது தெரிஞ்சிருந்தா உன் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். முடியலன்னு நீயே நம்பி இழுத்தாத்தான் அவன் நம்புவான். நான் உன்னை அவன்கிட்ட போட்டுக் கொடுத்தாத்தான் என்னையும் நம்புவான். திட்டணும்னா அப்புறம் திட்டு. இப்ப கேளு. கதவு திறந்திருக்கு. முன்னாடி கம்பம் இருக்குல்ல, அதுக்கு முன்னாடியே முழுக்க வலது பக்கம் ஒடி. கியர் ஆட்டோமேட்டிக்தான். வடக்கே பாலத்துப் பக்கம் போகாதே, முதல்ல அங்கதான் தேடுவாங்க. தெற்கே போ. ஹைவேயை ஒட்டி மாநில போலீஸ் நிலையம் இருக்கு. நம்ம டெபுடிக்கு அங்க செல்வாக்கு இல்ல. உள்ள போய் முதல்ல தாழ்ப்பாளைப் பத்திச் சொல்லு, அப்புறம் தோளைப் பத்தி.

— அவன் டிரக்குல பின்னாடியே வந்துருவான்.

— டிரக்கு மேல தொங்குது. நாலு சக்கரமும் கீழ கிடக்கு.

— உன்னோடது?

— என் டிரக்கு சாவியைக் கால்வாய்ல போட்டுட்டேன், காலையிலயே. நீங்க வண்டி எடுக்க வர்ற நாள்னு தெரியும்ல.

— நீயும் வா. வெர்னா, நீயும் ஏறு.

— நான் ஏறினா லிஃப்டை யாரு மேலயே வச்சிருக்கிறது?

— அவன் உன்னைச் சும்மா விட மாட்டான்.

— அவன் பொறந்ததிலேருந்து பார்க்கிறேன். எனக்குப் பயம் இல்லன்னு நினைக்காதே. இந்தப் பயத்தோடயே ரொம்ப காலம் இருந்துட்டேன், இன்னும் ஒரு சாயங்காலம்தானே. ஸ்டார்ட் பண்ணு.

— சத்தம் கேட்டா...

— கேட்கும். இந்த எஞ்சினை ரகசியமா ஸ்டார்ட் பண்ண முடியாது. பண்ணு.

— வெர்னா...

— போ, டார்லா.

— அக்கா. அது என் வண்டிச் சத்தம்தானே? யாரு ஸ்டார்ட் பண்ணது?

— நான்தான் ராய்ஸ். எஞ்சினைச் சூடு பண்றேன். நீ நிதானமாப் பார்த்து எடு, டயரு மேல விழுந்துறப் போகுது.

*

— ஹலோ. பட்டறைதானே?

— டார்லா. எந்த ஊர்லேருந்து... இல்ல, வேண்டாம். சொல்லாதே.

— சொல்ல மாட்டேன். இந்தக் காப்பகத்துலயும் அதுதான் முதல் விதி. பொம்பளைங்க மட்டும்தான் இருக்கோம். தனி அறை கொடுத்திருக்காங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கலாம். எத்தனை நாளா உன்னைக் கூப்பிடுறேன், ஏன் எடுக்கவே இல்ல?

— பட்டறையைச் சாத்தியிருந்தேன். இன்னைக்குத்தான் திறந்தேன்.

— உன் குரல் ஏன் பீப்பாய்க்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?

— போனை மேசை மேல வச்சுட்டு ஸ்பீக்கர்ல பேசுறேன். நீ சாப்பிடுறியா? தூங்குறியா?

— தூங்குறேன். அவன் உன்னை என்ன செஞ்சான்?

— டயரை உருட்டிக்கிட்டு வந்தான். காலி இடத்தைப் பார்த்தான். முதல்ல சிரிச்சான், தெரியுமா? நான் ஏதோ விளையாடுறேன்னு நினைச்சுட்டான். அவளால திருப்ப முடியாது, திருப்ப முடியாதுன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னான். அப்புறம் நிமிர்ந்து டிரக்கைப் பார்த்தான். கீழ இறக்குன்னான். மாட்டேன்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, சத்தம் போட்டான். கொஞ்சம் சாமான் உடைஞ்சுது. நீ அனுப்பின மாநில போலீஸ் வந்துட்டாங்க.

— எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாங்க?

— வந்துட்டாங்கல்ல. அது கிடக்கட்டும். அவன் உள்ளதான் இருக்கான். ஜாமீன் கேட்டான், ஜட்ஜ் கொடுக்கல.

— நான் சொன்ன புகாருக்கு ஜாமீன் கிடைச்சுரும்னு இங்க இருக்கிற வக்கீலம்மா சொன்னாங்களே. தோள் விஷயம் பழசாயிடுச்சு, தாழ்ப்பாள் மட்டும் பத்தாதுன்னாங்க. எதை வச்சு மறுத்தாரு?

— ஜட்ஜ் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எப்படிப் போய்ச் சேர்ந்தே, அதைச் சொல்லு.

— கம்பத்தைத் தாண்டுற வரைக்கும் எனக்கு ஞாபகமே இல்ல. சுகர் மில் தாண்டினப்புறம்தான் மூச்சு விட்டேன். முன்னாடி ஒரு பீட் லாரி. ரோடெல்லாம் பீட் கொட்டிக் கிடந்துச்சு. ஒவ்வொண்ணா ஒதுங்கி ஒதுங்கிப் போனேன், ஒத்தைக் கையால. கண்ணாடியில வேற எந்த வண்டி தெரிஞ்சாலும் அவன்தான்னு இன்னும் வேகமா மிதிப்பேன். போலீஸ் வாசல்ல நிறுத்தினப்புறம் எனக்கு இறங்கவே வரல. உக்காந்து சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கிட்டே இருந்தேன். உள்ளேருந்து ஒரு ஆபீசர் வந்து ஜன்னலைத் தட்டினாரு.

— ரோடு உன் கையோட பேசுச்சா?

— ஒரு வார்த்தை பேசல. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

— சரி, சரி. நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோ.

— இந்த வண்டியை என்ன செய்யட்டும்?

— ஓட்டு. இப்போதைக்கு வேற யாருக்கு அது வேணும்? பனியில மட்டும் பிரேக்கை மெதுவா மிதி. டார்லா, ஒரு உதவி. உங்க பக்கத்துல பழைய வண்டி உடைக்கிற யார்டு ஏதாவது இருந்தா விசாரிச்சு வை. அதே மாதிரி மோட்டார் இன்னொண்ணு வேணும். இங்க கிடைக்கல.

— யாருக்கு? இன்னொரு பொண்ணு வந்து கேட்டாளா?

— இல்ல. என் டிரக்குக்குத்தான்.

— உன் டிரக்குக்கா? சோம்பேறிப் பசங்களுக்குன்னு சொன்னவ நீ. உனக்கு எதுக்கு வெர்னா பவர் ஸ்டீயரிங்?

— வலது கை இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, டார்லா.